கேட்கத் துணிந்த தாதி

(உலகத் தாதியர் தினத்தையொட்டிச் சுங்கை பட்டாணியில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்று முன்வரிசையை வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம் முடித்த இளம் தாதியருக்கே ஒதுக்க வேண்டும் என்று ஏற்பாட்டாளர்களிடம் கேட்டுக்கொண்டேன். அவர்களும் மனமுவந்து ஒதுக்கிக் கொடுத்தார்கள். இந்தப் பிள்ளைகளில் சிலர் நேற்று இரவு ஷிப்டு முடித்து, இரண்டு மணி நேரம் மட்டும் கண்ணயர்ந்துவிட்டு வந்திருக்கிறார்கள். பீடோங், கூலிம், பாடாங் செராய், லூனாஸ் என்று பல இடங்களிலிருந்து பெற்றோரும் வந்திருக்கிறீர்கள். உங்களில் பலர் தோட்டத்தில் பிறந்தவர்கள். நானும் தோட்டத்துப் பிள்ளைதான். பால்மரம் வெட்டியவர்களின் மகளாகப் பிறந்து, தாதியாகி, வார்டு சிஸ்டராக ஓய்வு பெற்றவள்.

இந்த உரைக்காகப் புதிய தாதியர் பலரோடு பேசினேன். அரசு மருத்துவமனையில் இருப்பவர்கள், தனியாரில் இருப்பவர்கள், சுகாதார கிளினிக்கில் இருப்பவர்கள் எல்லோரும் மனம் திறந்து பேசினார்கள். பெயரையும் வேலை இடத்தையும் சொல்ல மாட்டேன் என்று அவர்களுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். அவர்கள் சொன்னதையெல்லாம் சேர்த்துப் பார்த்தபோது எனக்கு ஒன்று உறுதியாகத் தெரிந்தது. முதல் வருடத்தில் ஒரு தாதி கற்க வேண்டியவற்றில் முதன்மையானது கேட்பது. தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொண்டு, வெட்கப்படாமல் கேட்பது. அப்படிக் கேட்கிற பெண்ணை நாம் எப்படி நடத்துகிறோம் என்பதில் நோயாளியின் உயிர் அடங்கியிருக்கிறது. அந்தப் பெண்ணின் வாழ்வும் அடங்கியிருக்கிறது. இதைச் சொல்லத்தான் இன்று வந்தேன்.

கேட்பது நமக்கு ஏன் இவ்வளவு கடினமாக இருக்கிறது? அதற்குக் கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும்.

1909-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தால் கெடா சயாமின் மேலாட்சியிலிருந்து பிரிட்டிஷாரின் கைக்கு மாறியது. அந்தக் காலத்தில்தான் இங்கே ரப்பர் பரவியது. கோலா மூடா, கூலிம் மாவட்டங்களில் தோட்டங்கள் பெருகின. அவற்றோடு நம் தாத்தா பாட்டிமாரும் வந்து சேர்ந்தார்கள். இன்றைக்குக் கெடா மக்களில் இந்தியர் ஏறத்தாழ 7 சதவீதம். அவர்களில் பெரும்பகுதி இந்த இரண்டு மாவட்டங்களில் வாழ்வதற்கு அந்தத் தோட்டங்களே காரணம்.

தொழிலாளருக்கு முதலாளி மருத்துவ வசதி செய்து தர வேண்டும் என்று அன்றைய தொழிலாளர் சட்டங்கள் கட்டாயப்படுத்தின. அப்படி வந்ததுதான் தோட்டத்து ஆஸ்பத்திரி. அங்கே நமக்கு டாக்டர், தாதி, மருந்துக்கடைக்காரர் எல்லாமே டிரஸர் ஒருவர்தான். டாக்டர் எப்போதோ ஒரு நாள் வந்து பார்த்துவிட்டுப் போவார். காய்ச்சலுக்கு மருந்து, வெட்டுக்காயத்துக்குக் கட்டு, பிரசவத்துக்குக் கை, எல்லாம் டிரஸருடையவை. 1965-இல்தான் டிரஸர்கள் எனப்பட்ட தோட்ட மருத்துவமனை உதவியாளர்களைப் பதிவு செய்வதற்கென்று தனிச் சட்டம் வந்தது. அந்த டிரஸர்களில் எத்தனையோ பேர் நள்ளிரவில் டார்ச் லைட்டைப் பிடித்துக்கொண்டு லயத்துக்கு ஓடி வந்து உயிரைக் காப்பாற்றியவர்கள். அவர்களை நான் மரியாதையோடு நினைக்கிறேன்.

ஆனாலும் அந்த வாசலில் நம் மக்கள் ஒரு பழக்கத்தையும் கற்றுக்கொண்டார்கள். பிரட்டுக்கு, அதாவது காலைப் பெயர்க்கணக்குக்குப் போகாமல் ஆஸ்பத்திரிக்கு வந்தால், உண்மையான நோயா, வேலைக்கு டிமிக்கியா என்று முடிவு செய்வதும் டிரஸர்தான். அவர் கையெழுத்துப் போட்டால்தான் அன்றைய நாள் தப்பும். அப்படிப்பட்டவரிடம் யார் போய், "ஐயா, இது என்ன மருந்து? எதுக்குக் குடுக்கறீங்க?" என்று கேட்பார்கள்? கொடுத்த தண்ணி மருந்தை வாங்கிக்கொண்டு, தலையாட்டிவிட்டு வந்தார்கள். கிராணியிடமும் அப்படியே, துரையிடமும் அப்படியே. பேசாமல் இருந்தால் பிழைத்துக்கொள்ளலாம் என்பது அன்றைய அனுபவ அறிவு. அது அவர்களைக் காப்பாற்றியது. அதையே பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுத்தார்கள்: "பெரியவங்க சொன்னா கேட்டுக்கோ. எதிர்த்துப் பேசாதே."

அப்படி வளர்ந்த வீட்டிலிருந்துதான் இந்தப் பிள்ளைகள் வார்டுக்குள் நுழைகிறார்கள். இதற்கிடையே ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பல தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாயின. லயத்து வீட்டை விட்டுத் தாமான் வீட்டுக்கு வந்துவிட்டோம். 1996-இல் கூலிமில் உயர்தொழில்நுட்பப் பூங்கா திறக்கப்பட்டது. எஸ்.பி.எம். முடித்த கையோடு அங்கே தொழிற்சாலையில் சேர்ந்து சம்பளம் வாங்க முடியும். அந்த வழியை விட்டுவிட்டு மூன்று வருட டிப்ளோமா படிக்கிறேன் என்று ஒரு பெண் சொல்வது லேசான முடிவு அல்ல. மலாய், கணிதம், அறிவியல் பாடங்களில் நல்ல தேர்ச்சி வேண்டும். பி.டி.பி.டி.என். உயர்கல்விக் கடன் வாங்கிப் படித்தவர்கள் உண்டு. அம்மாவின் சங்கிலியை அடகு வைத்துப் படித்தவர்களும் உண்டு. 2001-இல் தொடங்கிய எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் இப்போது செமிலிங்கில் நம் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அங்கேயும் தாதிமை படிக்கலாம். படித்து முடித்து, மலேசியத் தாதியர் வாரியத்தின் தேர்வில் தேறி, 1950-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பெயரைப் பதிவு செய்து, ஆண்டுதோறும் பணிச் சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டும். இத்தனையும் தாண்டித்தான் ஒரு பெண் வெள்ளைச் சீருடை போட்டுக்கொள்கிறாள்.

போட்டுக்கொண்ட பிறகு என்ன நடக்கிறது?

பல அரசு மருத்துவமனைகளில் காலை ஏழு மணி, மதியம் இரண்டு மணி, இரவு ஒன்பது மணி என்று மூன்று ஷிப்டு. ஒரு ஷிப்டு முடிந்து அடுத்தது தொடங்கும்போது, படுக்கை படுக்கையாக நின்று விவரம் ஒப்படைப்பார்கள். "பாஸ் ஓவர்" என்று சொல்வோம். யாருக்கு எந்த மருந்து, யாருக்குச் சிறுநீர் எவ்வளவு போனது, யாருக்குப் பிரானுலா ஊசி குத்திய இடம் வீங்கியிருக்கிறது, யாரைக் காலையில் ஸ்கேனுக்கு அனுப்ப வேண்டும் என்று சீனியர் மலாயில் வேகமாகச் சொல்லிக்கொண்டே நடப்பார். புதுப் பெண் சின்ன நோட்டில் கிறுக்கிக்கொண்டே பின்னால் ஓடுவாள். ஒரு பெண் என்னிடம் சொன்னாள்: "சிஸ்டர், மொதல் மாசம் எனக்கு நோயாளி மொகமே ஞாபகம் இல்ல. படுக்கை நம்பர்தான் ஞாபகம் இருந்துச்சு."

இதை எந்தத் தாதியும் சொல்லக் கேட்கலாம். மார்லின் கிரேமர் என்ற அமெரிக்கத் தாதி 1974-இல் புதிய தாதியரின் இந்தத் தடுமாற்றத்தைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். பள்ளியில் படித்த தாதிமைக்கும் வார்டில் நடக்கும் தாதிமைக்கும் நடுவே விழுந்து பலர் வேலையை விட்டே போகிறார்கள் என்று அவர் காட்டினார். கனடாவின் ஜூடி டஷர் முதல் பன்னிரண்டு மாதத்தை மூன்று கட்டமாகப் பிரித்தார். முதல் மூன்று நான்கு மாதம் வேலையை எப்படியாவது செய்து முடிப்பதிலேயே போகும். அடுத்த சில மாதங்களில் சந்தேகம் வரும்: நான் இந்த வேலைக்குத் தகுதியா, இந்த வார்டில் நடப்பது சரியா என்ற கேள்விகள் எழும். கடைசிக் கட்டத்தில் கொஞ்சம் தெளிவு பிறக்கும். முன்வரிசைப் பிள்ளைகள் சிலர் தலையாட்டுகிறார்கள். ஐந்தாவது, ஆறாவது மாதத்தில் "வேலையை விட்டுடலாமா?" என்று நினைத்தவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். அது உங்கள் பலவீனம் என்று யாரும் உங்களுக்குச் சொல்ல வேண்டாம். உலகெங்கும் புதிய தாதியர் அந்த மாதங்களில் அதே இடத்தில்தான் நிற்கிறார்கள்.

பேட்ரிசியா பென்னர் என்ற இன்னொரு தாதிமை அறிஞர் 1984-இல் எழுதியதையும் சொல்கிறேன். ஒரே வகை வார்டில் இரண்டு மூன்று வருடம் வேலை செய்த பிறகுதான் ஒருவர் திறமையான தாதி என்ற நிலைக்கு வருகிறார் என்றார் அவர். அப்படியானால் முதல் வருடம் முடித்த பெண் இன்னும் கற்றுக்கொண்டிருப்பவள்தான். கற்றுக்கொண்டிருப்பவள் கேட்கத்தான் செய்வாள். அதற்கு வார்டில் இடம் இருக்கிறதா?

ஒரு இரவு நடந்ததைச் சொல்கிறேன். ஒரு புதிய தாதியே எனக்குச் சொன்னது. வார்டில் நீரிழிவு நோயாளி ஒருவருக்கு இன்சுலின் போட வேண்டும். மருந்துத் தாளில் பத்து யூனிட் என்று டாக்டர் கையால் எழுதியிருக்கிறார். யூனிட் என்று முழுதாக எழுதாமல், ஆங்கில 'யூ' என்ற ஓர் எழுத்தைப் பத்துக்குப் பக்கத்தில் ஒட்டி எழுதியிருக்கிறார். வேகத்தில் எழுதிய அந்த எழுத்தின் வாய் மூடிக்கொண்டு, பூஜ்யம் மாதிரி தெரிகிறது. பத்தா, நூறா? நூறு போட்டால் ரத்தத்தில் சர்க்கரை பாதாளத்துக்கு இறங்கும், தூக்கத்திலேயே அவர் நினைவிழக்கலாம், உயிரும் போகலாம். மருந்துப் பாதுகாப்பைக் கவனிக்கும் அமைப்புகள் இந்த ஓர் எழுத்துச் சுருக்கத்தைப் பயன்படுத்தவே கூடாது என்று பல வருடங்களாக எச்சரித்து வருகின்றன. காரணம் இதுதான்.

அந்தப் பெண்ணுக்கு நூறு என்பது அதிகம் என்று மனசுக்குள் தட்டுகிறது. ஆனால் அன்று மாலைதான் வேறொரு கேள்விக்காகச் சீனியரிடம் திட்டு வாங்கியிருக்கிறாள். "மூணு வருஷம் என்ன படிச்சே?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டிருக்கிறார். மறுபடி போய்க் கேட்டால் என்ன சொல்வாரோ? ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு மருந்து வண்டிக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறாள். "கால் நகரவே இல்ல, சிஸ்டர்," என்றாள். பிறகு போய்க் கேட்டாள். சீனியர் முகம் சுளித்தார். ஆனால் எழுந்து வந்து தாளைப் பார்த்தார். டாக்டருக்குப் போன் போட்டுப் பத்து என்று உறுதி செய்துகொண்டார். இருவரும் சேர்ந்து அளந்து போட்டார்கள். நோயாளி காலையில் எழுந்து பசியாறினார். அவருக்கு எதுவுமே தெரியாது.

சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம் என்று முதல் பருவத்திலேயே மனப்பாடம் செய்கிறோம். இன்சுலின் போன்ற ஆபத்தான மருந்துகளை இரண்டு பேர் சேர்ந்து சரிபார்க்க வேண்டும் என்று விதியும் இருக்கிறது. அந்த விதிக்கு உயிர் கொடுப்பது ஒரு பெண்ணின் வாயிலிருந்து வரும் கேள்வி. மாலையில் விழுந்த திட்டு அந்தக் கேள்வியை ஏறக்குறைய விழுங்கிவிட்டது. சீனியர்களே, உங்களைக் குறை சொல்லி மனம் நோகடிக்க எனக்கு விருப்பமில்லை. நானும் அந்த இடத்தில் பல வருடம் இருந்தவள். வேலைப் பளு எனக்குத் தெரியும். ஆனால் ஒரு புதுப் பெண்ணைக் கேள்வி கேட்டதற்காக அவமானப்படுத்தினால், அடுத்த கேள்வியை அவள் விழுங்கிவிடுவாள். அந்தக் கேள்வி யாருடைய உயிரோடு சம்பந்தப்பட்டது என்று யாருக்குத் தெரியும்?

இதுவரை சீனியரிடம் கேட்பதைப் பற்றிச் சொன்னேன். நோயாளியிடம் கேட்பது இன்னொரு பாடம். அதில்தான் நம் பிள்ளைகளின் தமிழுக்கு வேலை இருக்கிறது.

காய்ச்சல், நாடி, மூச்சு, ரத்த அழுத்தம் ஆகிய நான்கோடு வலியையும் ஐந்தாவதாக அளந்து எழுத வேண்டும் என்று நம் சுகாதார அமைச்சு 2008-இல் கொண்டுவந்தது. பூஜ்யத்திலிருந்து பத்துவரை எண் கேட்க வேண்டும். வலியே இல்லையென்றால் பூஜ்யம், தாங்க முடியாத வலியென்றால் பத்து. நல்ல திட்டம். ஆனால் தோட்டத்தில் முப்பது வருடம் மரம் வெட்டிய ஒரு பாட்டியிடம் போய், "பாட்டி, வலி எத்தனை? பத்துக்கு எத்தனை சொல்வீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். "பரவால்லம்மா" என்பார். வற்புறுத்தினால், "ஒண்ணு ரெண்டு போட்டுக்கோ, கண்ணு" என்பார். புதிய தாதி இரண்டு என்று எழுதுவாள். எழுதிய தாளைப் பார்க்கிற டாக்டர் வலி மருந்தைக் குறைப்பார்.

இடுப்பு எலும்பு முறிந்து அறுவை செய்துகொண்ட ஒரு பாட்டியின் படுக்கையருகே ஒரு புதிய தாதி கண்டது இது. "பரவால்லம்மா" என்று சொன்ன பாட்டியின் மேலுதட்டில் வியர்வை பூத்திருக்கிறது. ஒரு கை கட்டில் கம்பியை இறுக்கிப் பிடித்திருக்கிறது. காலையில் வைத்த ரொட்டி அப்படியே இருக்கிறது. அந்தப் பெண் எண் கேட்பதை விட்டுவிட்டாள். கட்டிலோரம் உட்கார்ந்து, "ராத்திரி தூங்கினீங்களா பாட்டி? திரும்பிப் படுக்க முடியுதா? இருமினா எங்க இழுக்குது?" என்று கேட்டாள். பாட்டி முதலில் பேசவில்லை. பிறகு மெதுவாக, "தூங்கலம்மா. உனக்கு வேல இருக்கும்னுதான் சொல்லல" என்றார். அந்தப் பெண் டாக்டரிடம் போய் வலி எட்டு என்றாள். மருந்து கொடுத்த பிறகு பாட்டி சாப்பிட்டார்; மறுநாள் எழுந்து நின்றார். எழுந்து நிற்பது சின்ன விஷயம் இல்லை. அந்த வயதில் படுத்த படுக்கையாகவே இருந்தால் நுரையீரலில் சளி கட்டும், காலில் ரத்தம் உறையும், முதுகில் புண் வரும்.

டிரஸர் வாசலில் பேசாமல் நிற்கக் கற்றுக்கொண்ட தலைமுறை அந்தப் பாட்டியுடையது. அவரைப் பேச வைத்தது அவர் பேத்தி வயதுப் பெண் தமிழில் கேட்ட மூன்று கேள்விகள்.

இன்னொன்றையும் கெடாக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 2019-இல் எடுத்த தேசிய நலக் கணக்கெடுப்பின்படி மலேசியாவில் வயது வந்தோரில் 18.3 சதவீதம் பேருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியரில் அது சுமார் 31 சதவீதம்; பத்தில் மூன்று பேர். நம் மண்ணிலும் சேற்றிலும் வாழும் ஒரு கிருமியால் வரும் மெலியோய்டோசிஸ் என்ற நோய் நீரிழிவு உள்ளவர்களை அதிகம் தாக்கும். அலோர் ஸ்டார் வட்டாரத்தைப் பற்றி 2010-இல் வெளிவந்த ஆய்வு, அங்கே ஆண்டுக்கு லட்சம் பேரில் சுமார் 16 பேருக்கு இந்த நோய் வருவதாகக் காட்டியது. சாதாரணக் காய்ச்சல் மாதிரிதான் தொடங்கும். சரியான மருந்து தாமதமானால் ஆளையே கொண்டுபோய்விடும். எனவே காய்ச்சலோடு வருகிற நீரிழிவுக்காரரிடம் என்ன வேலை செய்கிறார், கடந்த வாரங்களில் சேற்றில் இறங்கினாரா, காலில் காயம் இருக்கிறதா என்று கேட்பது அவசியம். "தோட்டத்துல கால்வாய் வெட்டினேம்மா" என்று அவர் தமிழில் சொல்கிற ஒரு வாக்கியம் டாக்டரின் காதுக்குப் போய்ச் சேர வேண்டும். அதைக் கேட்டு வாங்கிக் கொண்டுபோய்ச் சேர்ப்பவள் தாதி.

இதில் ஒரு பாரமும் இருக்கிறது. வார்டில் தமிழ் தெரிந்தவள் ஒருத்திதான் என்றால், எல்லோரும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். அவள் பொறுப்பில் இருக்கும் நோயாளிகள் ஒரு பக்கம். அடுத்த அறையிலிருந்து "மிசி, கொஞ்சம் வந்து சொல்லுங்க" என்ற அழைப்பு மறுபக்கம். புற்றுநோய் என்பதையும், காலை எடுக்க வேண்டும் என்பதையும் இருபத்திரண்டு வயதுப் பெண் அந்தக் குடும்பத்தாருக்குத் தமிழில் சொல்ல நேர்கிறது. சொல்லிவிட்டு, அவர்கள் அழுகையையும் வாங்கிக்கொண்டு, அடுத்த படுக்கைக்கு மருந்து கொடுக்கப் போகிறாள். மொழிபெயர்ப்பதும் வேலைதான். அதை வேலையாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள் என்று வார்டுப் பொறுப்பாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன். கெட்ட செய்தியைச் சொல்லும்போது டாக்டரோ சீனியரோ அவள் பக்கத்தில் நிற்கட்டும்.

இனி ஆள் பற்றாக்குறைக்கு வருகிறேன். கேள்வி கேட்கவும், கேட்டால் பதில் சொல்லவும் நேரம் வேண்டும். லிண்டா எய்க்கன் என்ற தாதியும் அவருடைய குழுவினரும் அமெரிக்காவில் 168 மருத்துவமனைகளை ஆராய்ந்து 2002-இல் வெளியிட்டார்கள். ஒரு தாதியின் பொறுப்பில் இன்னும் ஒரு நோயாளியைக் கூடுதலாகச் சேர்த்தால், அறுவை செய்துகொண்டவர்கள் முப்பது நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் உயர்கிறது என்று கண்டார்கள். 2024-இல் நம் நாட்டில் ஷிப்டில் வேலை செய்யும் அரசுத் தாதியரின் வார வேலை நேரத்தை 42 மணியிலிருந்து 45 மணியாக உயர்த்தும் முடிவு வந்தபோது நாடெங்கும் விவாதம் எழுந்தது. சம்பளத்தைப் பற்றிய சண்டையாக மட்டும் அதைப் பார்த்தவர்கள் உண்டு. மூன்று மணி நேரம் என்பது களைத்த கண்ணும் களைத்த கையும் கூடுதலாக நோயாளியைத் தொடுகிற நேரம். அந்தக் களைப்பில் முதலில் செத்துப்போவது கேள்வி கேட்கிற தெம்புதான். 2021-இல் கோவிட் உச்சத்தில் இருந்தபோது முதல் வருடத்தைத் தொடங்கிய தாதியரைக் கேளுங்கள். பாதிப் படிப்பைக் கணினித் திரையில் முடித்துவிட்டு நேராக நிரம்பி வழிந்த வார்டுக்குள் போனவர்கள் அவர்கள். முகக்கவசத்துக்குப் பின்னால் யார் சீனியர், யார் டாக்டர் என்று தெரியாமலே வேலை கற்றுக்கொண்டார்கள்.

மரணத்தைப் பற்றியும் பேசியாக வேண்டும். முதல் வருடத்தை நினைத்துப் பார்க்கச் சொன்னபோது, பேசிய பிள்ளைகளில் பெரும்பாலோர் சொன்னது முதல் மரணத்தைத்தான். ஒருத்தி அன்று மாலைவரை தன்னோடு பேசிக்கொண்டிருந்தவரின் உடம்பைத் துடைத்து, குழாய்களைக் கழற்றி, தாடையைக் கட்டி, பெயர்ச்சீட்டை மணிக்கட்டில் மாட்டினாள். திரையை விலக்கி வெளியே வந்ததும், "பன்னண்டாம் படுக்கைக்கு டிரிப் முடிஞ்சிருச்சு" என்றார்கள். போய் மாற்றினாள். காலையில் வீட்டுக்குப் போனாள். யாரும் அவளை ஒன்றும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

பெற்றோர்களே, இந்த இடத்தில் உங்களோடுதான் பேச வேண்டும். இரவு ஷிப்டு முடித்து வந்து பகலில் தூங்குகிற பெண்ணை எழுப்பி, "விருந்தாளி வந்திருக்காங்க, தேத்தண்ணி போடு" என்று சொல்லாதீர்கள். "பொம்பளப் புள்ள பகல்ல தூங்குறாளே" என்று பக்கத்து வீட்டில் பேசினால், உங்கள் வாயால் பதில் சொல்லுங்கள். சபா, சரவாக், ஜொகூர் என்று தூரத்தில் வேலை கிடைத்தவளை, "எப்ப வர்றே, கல்யாணம் எப்ப?" என்று மட்டும் போனில் கேட்காதீர்கள். "இன்னைக்கு வேல எப்படிம்மா இருந்துச்சு?" என்று கேளுங்கள். பதில் உடனே வராமல் இருக்கலாம். கேட்டுக்கொண்டே இருங்கள். ஒரு நாள் அந்தப் பன்னிரண்டாம் படுக்கையின் கதை வெளியே வரும். அது வெளியே வந்தால்தான் அவள் மறுநாள் மனம் கல்லாகாமல் வார்டுக்குள் போவாள்.

நல்லதையும் சொல்ல வேண்டும், நிறைய இருக்கிறது. தீபாவளியன்று நம் பிள்ளைக்கு விடுப்பு கிடைக்க வேண்டும் என்று ஒரு மலாய்த் தோழி இரவு ஷிப்டை மாற்றி எடுத்துக்கொள்கிறாள். ஹரி ராயாவுக்கு நம் பிள்ளை அவளுக்காக நிற்கிறாள். நோன்புக் காலத்தில் மாலை ஷிப்டில் நோன்பு திறக்க மலாய்த் தோழியர் போகும்போது, நம் பிள்ளைகள் வார்டைப் பார்த்துக்கொள்கிறார்கள். நாட்டின் ஒற்றுமையைப் பற்றி மேடையில் பேசுகிறோம்; அது நாள்தோறும் வார்டின் ஷிப்டுப் பட்டியலில் நடக்கிறது. முதல் வருடத்தை முடிக்க உதவியது யார் என்று கேட்டேன். ஒரு சீனியரின் பெயரைச் சொல்லாதவர் ஒருவருமில்லை. தமிழ் சீனியர், மலாய் சீனியர், சீன சீனியர் எல்லோருமே அதில் வந்தார்கள். பக்கத்தில் நின்று பிரானுலா போடக் கற்றுக் கொடுத்தவர், முதல் மரணத்தன்று உணவறைக்கு அழைத்துப்போய் மைலோ வாங்கிக் கொடுத்தவர், "எத்தனை தடவ வேணும்னாலும் கேளு, எனக்குக் கோவம் வராது" என்று சொன்னவர். இப்படி ஒருவர் கிடைத்தவள் நின்றுவிடுகிறாள். கிடைக்காதவள் சிங்கப்பூருக்கோ சவூதிக்கோ விண்ணப்பம் போடுகிறாள். இல்லையென்றால் தொழிலையே விடுகிறாள்.

எனவே என் வேண்டுகோள்களை வரிசையாகச் சொல்லி முடிக்கிறேன்.

மருத்துவமனை நிர்வாகிகளுக்கு: ஒவ்வொரு புதிய தாதிக்கும் முதல் ஆறு மாதம் பெயர் குறித்து ஒரு சீனியரை ஒதுக்குங்கள். அந்தச் சீனியருக்கு நோயாளி எண்ணிக்கையைக் குறைத்துக் கொடுங்கள். எண்ணிக்கையைக் குறைக்காமல் பெயரை மட்டும் தாளில் எழுதினால், அந்தப் பொறுப்பு தாளோடு நின்றுவிடும்.

சீனியர்களுக்கு: முதல் நாளே சொல்லிவிடுங்கள், "தெரியாததைக் கேள்" என்று. திட்ட வேண்டியிருந்தால் தனியே கூப்பிட்டுத் திட்டுங்கள். கேட்டதற்காக ஒருபோதும் திட்டாதீர்கள்.

புதிய தாதியருக்கு: டாக்டரை அழைக்கப் பயமாக இருந்தால், வரிசையாகச் சொல்லப் பழகுங்கள். இப்போது என்ன நடக்கிறது, இவருக்கு ஏற்கெனவே என்ன நோய், நீங்கள் என்ன நினைக்கிறீர்கள், டாக்டர் என்ன செய்ய வேண்டும். அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களில் பிறந்து மருத்துவமனைகளுக்கு வந்த முறை இது, எஸ்.பி.ஏ.ஆர். என்று படித்திருப்பீர்கள். நள்ளிரவில் குரல் நடுங்கும்போது இந்த வரிசை உங்களுக்குக் கைகொடுக்கும். இனி உங்களுக்குப் பின்னால் இன்னொரு வரிசைப் பிள்ளைகள் வரப்போகிறார்கள். இந்த ஆண்டு நீங்கள் பட்ட பாடு அவர்களுக்கும் வரட்டும் என்று விட்டுவிடாதீர்கள். உங்களுக்குக் கிடைத்த நல்ல சீனியரைப் போல நீங்கள் இருங்கள். கிடைக்கவில்லையென்றால் அப்படி ஒருவராக நீங்களே மாறிக் காட்டுங்கள்.

நோயாளிகளாக என்றாவது ஒரு நாள் படுக்கப்போகும் நம் எல்லோருக்கும்: வலித்தால் வலிக்கிறது என்று சொல்லுங்கள். மருந்து எதற்கு என்று கேளுங்கள். வெள்ளைச் சீருடையில் வந்து நிற்கிற சின்னப் பெண் உங்களைக் கேள்விமேல் கேள்வி கேட்டால், "இவளுக்கு ஒண்ணுமே தெரியல" என்று நினைத்துவிடாதீர்கள். தொழிலைச் சரியாகச் செய்கிறாள் என்று நம்பிப் பதில் சொல்லுங்கள்.

ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் 1860-இல் லண்டனில் தாதியர் பள்ளியைத் தொடங்கியபோது, தாதிக்கு முறையான பயிற்சி வேண்டும் என்ற எண்ணம் வலுப்பெற்றது. இங்கே தோட்டத்து லயத்தில் பிறந்த பெண்களின் பேத்திகள் இன்று சுங்கை பட்டாணி சுல்தான் அப்துல் ஹலிம் மருத்துவமனையிலும், அலோர் ஸ்டார் சுல்தானா பாஹியா மருத்துவமனையிலும், கூலிமிலும் பாலிங்கிலும் இரவு முழுக்க விழித்திருந்து பல இன மக்களின் உயிரைப் பார்த்துக்கொள்கிறார்கள். பேசாமல் இருந்து பிழைத்த ஒரு சமூகம், பேசி உயிர் காக்கும் பிள்ளைகளைப் பெற்றிருக்கிறது. அந்தப் பிள்ளைகளின் வாயை நாம் அடைக்காமல் இருந்தால் போதும், அவர்கள் இந்த மாநிலத்துக்கே பலமாக நிற்பார்கள்.